மழைக்கு மட்டும் ஒரு பழைய பைக்: 25,000 ரூபாய்க்குள் நம்ம குமரி மாவட்டத்தில் என்ன வாங்கலாம்?

ரப்பர்காட்டுத் தம்பி:

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். வீடு குலசேகரம் பக்கம், வேலை நாகர்கோவிலில். போக வர ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். போன வருஷம் தவணையில் ஒரு புது 160 சிசி பைக் எடுத்தேன். எடுத்த முதல் ஐப்பசி கார்த்திகையிலேயே செயின் துரு, போல்ட் தலைகளில் துரு, பின் டிஸ்க்கில் சேறு ஏறி பேட் தேய்ந்துவிட்டது. நம்ம ஊரில் மழை ஒரு முறை வந்து போகிற மழை இல்லையே, வைகாசிக் கடைசியில் தொடங்குகிற இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஆவணி வரை இழுக்கும், கொஞ்சம் வெயில் கண்டால் மறுபடி ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை. அதில் புது வண்டியைத் தினமும் குளிப்பாட்டி ஓட்ட மனசு வரவில்லை. இன்னும் 20 தவணை பாக்கி.

அதனால் மழைக்கு மட்டும் ஒரு பழைய வண்டி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். எல்லாம் சேர்த்து 25,000. அழகு வேண்டாம், வேகம் வேண்டாம். நனைந்தாலும் காலையில் ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகணும், தக்கலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கணும், அவ்வளவுதான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளா வண்டிகள் நல்ல விலை குறைவாகக் கிடைக்கிறது என்று நண்பன் சொல்கிறான். எடுக்கலாமா?


தக்கலை டூவீலர்:

தம்பி, 22 வருஷமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், நேராகவே சொல்கிறேன். உன் தேவைக்கு 100 சிசி ஹீரோ ஹோண்டா வகை வண்டி போதும். ஸ்பிளெண்டர், பேஷன், இல்லையென்றால் பழைய சிடி 100. சிடி 100 வந்தது 1985, ஸ்பிளெண்டர் 1994. எல்லாவற்றுக்கும் அடிப்படை அதே 97.2 சிசி இன்ஜின்தான். அதனால் ராத்திரி எட்டு மணிக்கு அருமனையில் வண்டி நின்றாலும் பக்கத்துக் கடையில் கிளட்ச் கேபிள் கிடைக்கும், பிளக் கிடைக்கும், பார்த்த பையனுக்கு வேலையும் தெரியும். மழைக்கால வண்டிக்கு இதை விடப் பெரிய தகுதி கிடையாது.

இன்னொன்று, இதில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். டிஸ்க் அளவுக்குப் பிடிக்காதுதான், ஆனால் டிரம்முக்குள் சேறு அவ்வளவு லேசில் போகாது. கார்ப்பரேட்டர் வண்டி என்பதால் சென்சார், பம்ப் என்று எதுவும் இல்லை. தண்ணீர் கலந்த பெட்ரோல் போய் நின்றுவிட்டால் கார்ப்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் இருக்கிற ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்து, தண்ணீர் வடிந்ததும் இறுக்கு, உதை, கிளம்பு. ஸ்குரூ டிரைவர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

விலையைப் பார்த்து மட்டும் இறங்காதே. 25,000 கையில் இருந்தால் வண்டிக்கு 18 முதல் 20 வரைதான் கொடுக்கணும். மீதி டயருக்கும் பிரேக்குக்கும் இன்சூரன்ஸுக்கும். எல்லாப் பணத்தையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு மொட்டை டயரில் ஓட்டுகிற பையன்களைத்தான் என் கடை வாசலில் கட்டுப்போட்ட கையோடு பார்க்கிறேன்.


களியக்காவிளை 75:

கேரளா வண்டி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் எடுத்துப் பட்டவன். பாறசாலைப் பக்கம் கே.எல். 19 நம்பர் வண்டி, சுத்தமான வண்டி, விலை இங்கே இருப்பதை விட ஐயாயிரம் குறைவு. எடுத்தாச்சு. அப்புறம்தான் கதை. அங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. வாங்கணும், அதற்குப் படிவம் 28. அதற்கு முன்னால் அந்த வண்டியில் பாக்கி அபராதம் எதுவும் இருக்கக் கூடாது, கடன் போட்டிருந்தால் அதை முடித்த படிவம் 35 வேண்டும். பிறகு இங்கே கொண்டு வந்து நம்ம மாநில வரி புதிதாகக் கட்டி டி.என். 75 நம்பர் வாங்கணும். வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது, சட்டமே அப்படித்தான். எனக்கு மிச்சம் பிடித்த ஐயாயிரமும் போனது, லீவும் போனது.

எல்லை இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் கல்யாணம் என்று வாழ்கிற நமக்கு இரண்டு நம்பரும் ஒன்றாகத்தான் தெரியும். பேப்பருக்கு அப்படி இல்லை. 25,000 ரூபாய் வண்டிக்கு இந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. நம்ம மாவட்ட நம்பரான டி.என். 74 அல்லது டி.என். 75, இதற்கு வெளியே போகாதீர்கள்.


குளச்சல் கரை:

நம்பர் டி.என். 75 ஆக இருந்தாலும் வண்டி எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள். எங்கள் கரைப் பக்கம் வண்டிக்கு உப்புக்காற்றுதான் எமன். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் பத்து வருஷம் வெளியே நின்ற வண்டி மேலே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும். குனிந்து சைலன்சரின் அடிப்பக்கம், சீட்டுக்கு அடியில் சேசிஸ் மடிப்பு, சென்டர் ஸ்டாண்டு மாட்டுகிற இடம், பின் மட்கார்டு உள்பக்கம், இந்த நாலையும் விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். துரு பொறுக்காக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். சைலன்சர் மாற்றலாம், ஸ்டாண்டு மாற்றலாம், சேசிஸ் மாற்ற முடியாது.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மொபைல் டார்ச் அடித்தும் பாருங்கள். உள்ளே செம்மண் நிறம் தெரிந்தால் அந்தத் துரு கார்ப்பரேட்டர் வரை வந்திருக்கும். இப்போது பங்க்கில் எல்லா இடத்திலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மூடி ரப்பர் காய்ந்து மழைத்தண்ணீர் இறங்கினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், முதலில் கார்ப்பரேட்டருக்குப் போவது அதுதான். பழைய வண்டி வாங்கினால் மூடி ரப்பரும் பெட்ரோல் டியூபும் முதல் நாளே மாற்றிவிடுங்கள், இரண்டும் சேர்ந்து பெரிய செலவில்லை. மழை மாதத்தில் டேங்க்கைப் பாதிக்குக் கீழே விடாமல் வைத்தால் உள்ளே ஈரம் படிவதும் குறையும்.


வெள்ளிமலை நைன்ட்டி:

யமஹா ஆர்.எக்ஸ். 100 பாருங்களேன். எடை குறைவு, எந்த மேட்டிலும் ஏறும், மழையோ வெயிலோ ஒரே உதை. எங்க சித்தப்பா பேச்சிப்பாறைக்கு அதில்தான் 15 வருஷம் போனார்.


தக்கலை டூவீலர்:

வெள்ளிமலைத் தம்பி, ஆர்.எக்ஸ். 100 எனக்கும் உயிர். ஆனால் 1996ல் நின்றுபோன வண்டி அது, இன்றைக்கு ஆசைக்காக வாங்குகிறவர்கள் கொடுக்கிற விலையே வேறு. 25,000க்கு வருவது ஒன்று பேப்பர் இல்லாத வண்டியாக இருக்கும், இல்லை வேறு வண்டி பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாக இருக்கும். அதை மழையில் நிறுத்திவிட்டு ஆபீஸில் உட்கார்ந்தால் மனசு வண்டி மேலேதான் இருக்கும். இவன் கேட்பது நிம்மதி.


ஆசாரிப்பள்ளம் அக்கா:

எல்லாரும் இன்ஜின் பற்றியே பேசுகிறீர்கள், வெளிச்சம் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் நர்ஸ், நைட் டூட்டி முடித்தும் நைட் டூட்டிக்கும் மழையில் எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கிறேன். தம்பி, நீ குலசேகரத்திலிருந்து வருகிற ரோட்டில் இரண்டு பக்கமும் ரப்பர், ஆறு மணிக்கே இருட்டு. பழைய 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் எரியாது, இன்ஜின் காயிலில் இருந்து நேராக எரியும். அதனால் வேகம் குறைத்தால் வெளிச்சமும் குறையும். பள்ளம் பார்த்து மெதுவாகப் போகிற நேரத்தில்தான் வெளிச்சம் போய்விடும். இது ரிப்பேர் இல்லை, வண்டியே அப்படித்தான், ஆனால் தெரிந்து வாங்கணும்.

கண்ணாடி மஞ்சளாகி, உள்ளே இருக்கிற வெள்ளித்தகடு மங்கிப்போயிருந்தால் டூம் முழுவதையும் மாற்று. பல்பை மட்டும் பெரிய வாட்டாகப் போடாதே, காயிலும் ஸ்விட்சும் தாங்காது. பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று தினமும் பார். நமக்கு முன்னால் பள்ளம் தெரிவதை விட, பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நம்மைத் தெரிய வேண்டியது முக்கியம். நான் ரெயின்கோட் முதுகில் ஒளிரும் பட்டை தைத்து வைத்திருக்கிறேன், தையல்காரக் கடையில் சொன்னால் அரை மணி நேரத்தில் தைத்துத் தருவார்கள். தயவுசெய்து செய், தம்பி. மழை ராத்திரியில் கருப்பு ரெயின்கோட்டோடு வந்து சேர்ந்த பையன்களை நான் வார்டில் நிறையப் பார்த்துவிட்டேன்.


ஆரல்வாய்மொழிக் காற்று:

ஆனி ஆடியில் எங்கள் கணவாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. 110 கிலோ வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும், பஸ்ஸை முந்தி அதன் மறைவிலிருந்து வெளியே வரும்போது திடீரென்று தள்ளும். நெல்லைப் பக்கம் தினம் போகிறவர்கள் 125, 150 பாருங்கள். இவருக்கு நாகர்கோவிலோடு நின்றுவிடுவதால் 100 போதும்.


கோட்டாறு பேப்பர்:

பேப்பர் விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வண்டி பதிவான தேதியிலிருந்து 15 வருஷம்தான் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று செல்லும். அதற்குப் பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் கொண்டு போய்க் காட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். இந்தக் கட்டணம் முன்பு 300 ரூபாய் இருந்தது, 2022 ஏப்ரலில் 1,000 ஆக்கிவிட்டார்கள். கூடவே பசுமை வரியும் உண்டு. புதுப்பிக்காத வண்டியை ரோட்டில் எடுப்பது பதிவே இல்லாத வண்டியை ஓட்டுவது போலத்தான். "எஃப்.சி. (தகுதிச் சான்று) நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதனால்தான் விலை குறைவு" என்று ஒரு புரோக்கர் சொன்னால், லைட், ஹாரன், இண்டிகேட்டர், பிரேக், நம்பர் பிளேட் எல்லாம் சரிசெய்து கொண்டு போகிற செலவு உங்கள் தலையில் என்று அர்த்தம். ஆர்.சி.யில் இன்னும் இரண்டு மூன்று வருஷமாவது இருக்கிற வண்டியாகத் தேடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29ம் 30ம். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்கணும், வாங்கியவர் 30 நாளுக்குள். நம்ம ஊரில் வெறும் பேப்பரில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மூணு கை மாறுகிற வண்டிகள் நிறைய. முதல் ஓனர் பெயரிலேயே கிடக்கும், விபத்து நடந்தால் சம்மன் அவர் வீட்டுக்குப் போகும். விற்கிறவரும் புக்கில் இருக்கிறவரும் ஒரே ஆள்தானா என்று ஆதார் வைத்துப் பாருங்கள். சேசிஸ் நம்பரை ஹேண்டில் கழுத்துப் பக்கம் துடைத்து நீங்களே வாசியுங்கள், இன்ஜின் நம்பரையும். அரசின் பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பர் போட்டால் ஆர்.சி. முடியும் தேதி, இன்சூரன்ஸ், கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் தெரியும். பாக்கி அபராதத்தைத் தனியாகப் பாருங்கள்.

இன்சூரன்ஸ், மூன்றாம் நபருக்கானது கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை ஒரு வருஷத்துக்கு 714 ரூபாய், விபத்துக் காப்பீடும் வரியும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். இல்லாமல் பிடித்தால் முதல் தடவையே 2,000. புகைச் சான்றிதழையும் மறக்காதீர்கள்.


ரப்பர்காட்டுத் தம்பி:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கேரளா வண்டி யோசனையை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தூத்துக்குடி நம்பர், டி.என். 69, 2016 மாடல், 17,000 சொல்கிறார்கள், ரொம்பப் புதுசாக இருக்கிறது. இன்னொன்று மேல்புறம் பக்கம், 2013 ஸ்பிளெண்டர், அப்பா ஓட்டிய வண்டி என்று மகன் விற்கிறார், 23,000 கேட்கிறார். பார்வைக்கு அது சுமார்தான், டேங்க்கில் கீறல், சீட் கிழிந்திருக்கிறது.


தக்கலை டூவீலர்:

2016 வண்டி 17,000க்கா? மக்கா, நில். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கா. அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் எத்தனையோ வண்டிகள் நாள் கணக்கில் முங்கிக் கிடந்தன. எல்லாமே கெட்ட வண்டி என்று சொல்ல மாட்டேன், நன்றாக வேலை செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விலை இவ்வளவு இறங்கினால் அதைச் சந்தேகப்பட்டே பார்க்கணும். ஹெட்லைட்டைக் கழற்றிக் குடத்துக்குள் பார், ஒயர் கப்ளர்களில் காய்ந்த களிமண் கோடு இருக்கும். ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்குள் ஈரப்படலம். ஆயில் குச்சியை எடுத்துப் பார், டீயில் பால் ஊற்றிய நிறம் இருந்தால் உள்ளே தண்ணீர். சீட்டுக்கு அடியில் மூலை முடுக்கில் நைசான வண்டல். இதை வாட்டர் சர்வீஸ் பண்ணினாலும் முழுசாக எடுக்க முடியாது.

மேல்புறம் வண்டியைக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார், போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாதே. போனதும் சிலிண்டரைத் தொடு. சூடாக இருந்தால் உனக்காக ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜினைச் சோக் போட்டு நீயே உதைக்கணும். நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கு, சிலிண்டர் போர் வேலை வரும், உன் கணக்கு உடையும். மழைக்காலத்தில் காலையில் கொஞ்சம் வெள்ளையாக ஆவி வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஈரம், பயப்படாதே. ஹேண்டிலை நடுவில் வைத்து மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பு, நடுவில் ஒரு இடத்தில் மாட்டி நிற்கிற மாதிரி இருந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்து பேரிங், போயிருக்கு. பின் வீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் பின் வீலைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருந்தால் தெரியும். கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும் விலை பேச உதவும், வண்டியை வேண்டாம் என்று சொல்ல இல்லை.

டயரில் நாலு எண் ஒரு வட்டத்துக்குள் இருக்கும், 2318 என்றால் 2018ல் 23வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷ ரப்பர் கட்டையாகிவிடும், ஈர ரோட்டில் பிடிக்கவே பிடிக்காது. மார்கழி தை மாதம் உங்கள் பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து ரோட்டில் நனைந்து கிடக்குமே, அதன் மேல் கட்டை டயரோடு பிரேக் பிடித்தால் நேராகக் கீழேதான்.


கோட்டாறு பேப்பர்:

"அப்பா ஓட்டிய வண்டி" என்கிறாரே, அப்பா இருக்கிறாரா? இதை முதலில் கேளுங்கள். இறந்திருந்தால், அவர் பெயரில் இருக்கிற வண்டியை மகன் நேராக உங்களுக்கு விற்க முடியாது. வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்றணும், பிறகுதான் உங்கள் பெயருக்கு. பழைய தேதியில் கையெழுத்து போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.


ரப்பர்காட்டுத் தம்பி:

அப்பா இருக்கிறார். இன்று காலை ஆறே முக்காலுக்குப் போனேன். பால் வாங்கப் போய்விட்டு அவரே அந்த வண்டியில்தான் வந்தார், அதனால் சிலிண்டர் சூடு. ஆனால் அந்தப் பெரியவர், "நாளைக்கு நான் எடுக்கல, நீ வந்து தொட்டுப் பாத்துட்டு உதை" என்று அவராகவே சொல்லிவிட்டார். கண் ஆபரேஷன் முடிந்ததும் மகன் ஓட்ட வேண்டாம் என்கிறாராம். கதை கேட்டு எனக்கே கஷ்டமாக இருந்தது. 12 வருஷமாக ஆயில் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறார்.


குளச்சல் கரை:

அந்த டைரியை விலையில் சேர்த்துக்கொள் தம்பி. பேசாமல் எடு.


ஆசாரிப்பள்ளம் அக்கா:

வண்டியோடு அந்த டைரியையும் கேள். பெரியவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.


ரப்பர்காட்டுத் தம்பி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மேல்புறம் வண்டியை எடுத்தாச்சு. மறுநாள் ஆறிய இன்ஜினில் இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது, நீலப் புகை இல்லை. கோன் செட் போயிருந்தது, டயர் இரண்டும் 2017 தேதி. அதைச் சொல்லித்தான் 23,000 கேட்டதை 20,500க்கு முடித்தேன். டயரும் டியூபும் 3,700, பிரேக் ஷூ, இரண்டு கேபிள், கோன் செட், கூலி எல்லாம் 2,150, இன்சூரன்ஸ் 1,240. மொத்தம் 27,590. நினைத்ததை விட இரண்டரை ஆயிரம் கூடிவிட்டது, ஆனால் எதையும் குறைத்திருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது. பெயர் மாற்றப் படிவம் இரண்டிலும் பெரியவரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்து போட்டு, பேப்பரும் கொடுத்தாச்சு.

முந்தாநாள் சாயங்காலம் நல்ல மழை. தக்கலை தாண்டி ஒரு இடத்தில் ரோட்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர், முதல் கியரில் ஒரே சீராக வந்தேன். வெளியே வந்ததும் பிரேக்கே பிடிக்கவில்லை, மனசு பதறிவிட்டது. கொஞ்ச தூரம் லேசாக அழுத்திக்கொண்டே ஓட்டியதும் திரும்பி வந்தது. நேற்று காலையிலிருந்து பின் பிரேக் பிடித்தால் விடாமல் மாட்டுகிறது. தக்கலை அண்ணே, டிரம்மைக் கழற்றணுமா?


தக்கலை டூவீலர்:

டிரம் நனைந்தால் அப்படித்தான், நீ செய்தது சரி. மாட்டுவது, ஷூவை விரிக்கிற பிரேக் கேமில் தண்ணீர் பட்டு கிரீஸ் போய்விட்டதால். கழற்றி, கேமை மண்ணெண்ணெயில் கழுவி, துளி கிரீஸ் வைத்து மாட்டணும், ஷூவில் கிரீஸ் பட்டுவிடக் கூடாது. அரை மணி நேர வேலை. இன்னொரு விஷயம், தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் அங்கேயே உதைக்காதே. தள்ளி மேட்டுக்குக் கொண்டு வந்து, பிளக்கைக் கழற்றி நாலு உதை உதைத்துத் தண்ணீரை வெளியேற்று, ஏர் ஃபில்டரைப் பார், ஆயில் நிறத்தைப் பார், அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது கடைக்கு வா. டைரியையும் எடுத்து வா, பெரியவர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினார் என்று பார்க்கணும்.